உப்புத் தண்ணீர் மீன் தொட்டியில் பொடிக் குமிழி: காற்று எங்கிருந்து வருது?



அலங்கார மீன் வளர்ப்பில் இறங்கியிருக்கும் நமது குழுக்களுக்குப் போனால் இப்போது முதலில் வருகிற கேள்வி தவணையைப் பற்றியோ மானியத்தைப் பற்றியோ இல்லை. "மேடம், தொட்டித் தண்ணி பால் ஊத்தின மாதிரி வெளுத்துக் கிடக்கு. கிட்டப் போய்ப் பார்த்தா பொடிப் பொடியா காத்து முட்டை. மீனுக்கு ஏதாச்சும் ஆயிருமா?" இதுதான். கடற்கரைப் பக்கக் குழுக்கள் சிலவற்றில் ஒரே மாதிரி கேட்டதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

நம் பெண்கள் பெரும்பாலும் வளர்ப்பது கோமாளி மீன். 2003-ல் வந்த சினிமாவுக்குப் பிறகு பட்டணத்துப் பிள்ளைகள் "நீமோ" என்று கேட்டு வாங்குகிற, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்தான். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இந்த மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. குஞ்சை வாங்கி வந்து இரண்டு மூன்று மாதம் வளர்த்துக் கொடுப்பது நம் வேலை. இன்னொரு விஷயம், இந்த மீன் கூட்டத்தில் தலைமை பெண் மீனுக்குத்தான். இருப்பதிலேயே பெரிய உருவம் அதுக்கு. அது செத்துப்போனால் அடுத்த இடத்தில் இருக்கிற ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். முட்டைக்குக் காவல் இருந்து வாலாலும் துடுப்பாலும் விசிறி விடுவது பெரும்பாலும் ஆண் மீன். இதை ஒரு கூட்டத்தில் சொன்னபோது அரை மணி நேரம் சிரிப்பு அடங்கவில்லை!

சரி, குமிழிக்கு வருவோம். குமிழியைப் பார்த்ததும் நம்மவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "காத்துதானே, நல்லதுதான்" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் பயந்துபோய் ஏரேட்டரை நிறுத்திவிட்டு, இருக்கிற தண்ணீரை எல்லாம் மாற்றிவிடுகிறார்கள். இரண்டுமே மீனைக் கொல்லும். முக்கியமாக ஏரேட்டரை நிறுத்தவே கூடாது. 28 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே வெப்பத்தில் கடல் தண்ணீர் பிடிப்பது ஏறக்குறைய 6.4 மில்லிகிராம்தான். ஏற்கெனவே கைப்பிடி குறைவு. அதையும் அடைத்தால் மீன் மூச்சு முட்டிப் போகும்.

உப்புத் தண்ணீரில் மட்டும் ஏன் இப்படி?

குளத்தில் கல்லை எறிந்தால் வருகிற குமிழி உடனே உடைந்துவிடும். கடல் அலை உடைந்தால் வெள்ளை வெளேரென்று நுரை நிற்கும். காரணம் உப்பு. நல்ல தண்ணீரில் இரண்டு சின்னக் குமிழி மோதினால் ஒன்று சேர்ந்து பெரிதாகி விறுவிறுவென்று மேலே ஏறிவிடும். உப்புத் தண்ணீரில் அவை சுலபத்தில் ஒன்று சேராது. பொடியாகவே இருக்கும். பொடிக் குமிழி மெதுவாகத்தான் ஏறும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள குமிழி விநாடிக்கு அரை சென்டிமீட்டர்தான் ஏறும். 45 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியில் அடியிலிருந்து மேலே வர ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் பம்பு தள்ளுகிற தண்ணீர் அதை மறுபடி கீழே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் நன்னீர் மீன் தொட்டி வைத்திருந்து பழகியவர்களுக்குக் கூட இது புதுசாகத் தெரிகிறது.

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்

வெளுத்துத் தெரிவதெல்லாம் குமிழி இல்லை. கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் வைத்து, ஐந்து நிமிடம் தொடாமல் பாருங்கள். அடியிலிருந்து தெளிந்துகொண்டே வந்து, பொடிகள் மேலே போய் மறைந்தால் அது காற்று. பொடிகள் அடியில் படிந்தால் மணலோ சுண்ணாம்போ. ஐந்து நிமிடம் கழித்தும் கஞ்சித் தண்ணீர் மாதிரி அப்படியே நின்றால் அது கிருமி பெருகியதன் கலங்கல். தீனி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குத் தீனியைக் குறைத்து, காற்றைக் கூட்ட வேண்டும். கீழே நான் எழுதப்போவது எதுவும் அதற்குப் பொருந்தாது.

காற்றுதான் என்று தெரிந்தாலும் சில வகைக்கு நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புதுத் தண்ணீர் ஊற்றிய அன்று கண்ணாடி முழுவதும் குமிழி ஒட்டிக்கொண்டு நிற்கும். கரண்ட் போய் வந்ததும் குழாயில் நின்ற காற்று ஐந்து பத்து நிமிடம் வரும். மதிய நேரத்தில் பாசி மேல் முத்து முத்தாக நிற்பது, வெளிச்சத்தில் பாசி விடுகிற ஆக்சிஜன், ராத்திரி காணாமல் போகும். ஆனால் அடி மணலிலிருந்து குமிழி வந்து, அதில் அழுகின முட்டை வாடை அடித்தால் அது விஷக் காற்று. மணலைக் கிண்டாதீர்கள். மீனை வேறு தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் மணலில் கை வைக்கணும்.

நாள் முழுக்க, வாரக்கணக்கில் வருகிற பொடிக் குமிழிதான் நம் பிரச்சினை. எங்கேயோ காற்று உள்ளே நுழைகிறது. பம்பு அதை மிக்சியில் அடிப்பது போல அடித்துப் பொடியாக்கி அனுப்புகிறது. நுழைகிற இடத்தைக் கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. அதற்கு ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. ஏரேட்டர் ஓடட்டும். ஸ்கிம்மரை மட்டும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். குமிழி குறைந்ததா? இல்லையென்றால் அதை ஓடவிட்டு, சம்ப்பிலிருந்து மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பை ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். எதை எப்போது நிறுத்தினோம், என்ன ஆச்சு என்று நோட்டில் எழுதி வைக்கணும். மறந்துவிடும்.

உப்பளத்தில் நடப்பது தொட்டியிலும் நடக்கும்

நான் பார்த்த வரையில் அடிக்கடி வருகிற காரணம் இது. நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் சம்ப்பில் தண்ணீர் தினமும் வற்றும். மேல் தொட்டியில் மட்டம் அப்படியே இருக்கும், குறைவதெல்லாம் சம்ப்பில்தான். பம்பின் வாய்க்கு மேலே தண்ணீர் குறைந்ததும், தரைத்தொட்டியைத் திறந்துவிட்டால் தண்ணீர் சுழித்துக்கொண்டு போகுமே, அது போலச் சுழி விழும். சுழி வழியாகப் பம்பு காற்றைக் குடிக்கும். காதை வைத்துக் கேட்டால் உறிஞ்சுகிற சத்தம் வரும்.

பம்பின் வாய் எப்போதும் நாலு விரற்கடையாவது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். சம்ப் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலையில் தீனி போடும்போது கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கணும், உப்புத் தண்ணீர் இல்லை! தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயேதான் இருக்கும். லிட்டருக்கு 33 கிராம் உப்புள்ள 200 லிட்டரில் 10 லிட்டர் வற்றினால் உப்பு 34.7 கிராமாக ஏறிவிடும். அதற்கு மேல் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் ஒரு மாதத்தில் தொட்டி உப்பளம்தான். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்த வாளியில் காற்று விட்டு வைத்து ஊற்றவும்.

டீ ஆற்றுகிற மாதிரி விழும் தண்ணீர்

மேல் தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாக சம்ப்பில் விழுகிறது. உயரத்திலிருந்து விழுந்தால், டீக்கடையில் ஆற்றுகிற டீ போல நுரை கட்டும். குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் ஓர் அங்குலம் அமுங்கி இருக்கும்படி வைத்தால் போதும். ரொம்ப ஆழமாக வைத்தால் குழாயில் வருகிற காற்று வெளியே போக வழியில்லாமல் குபுக் குபுக் என்று அடிக்கும்.

அப்படியும் வருகிற குமிழிக்குத் தடுப்பு வைக்கணும். சம்ப்பில் தண்ணீர் விழும் பக்கத்துக்கும் பம்பு இருக்கும் பக்கத்துக்கும் நடுவில் மூன்று கண்ணாடித் துண்டுகளை ஓர் அங்குல இடைவெளியில் ஒட்டுங்கள். முதல் துண்டுக்கு மேலே, இரண்டாவதுக்குக் கீழே, மூன்றாவதுக்கு மேலே என்று தண்ணீர் ஏறி இறங்கிப் போகும்போது குமிழி மேலே நின்றுவிடும். கண்ணாடி ஒட்ட வசதியில்லாதவர்கள் அந்த இடத்தில் ஸ்பாஞ்ச் வைக்கலாம். அதை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசணும். விட்டுவிட்டால் அழுக்கு சேர்ந்து அதுவே தண்ணீரைக் கெடுக்கும்.

ஸ்கிம்மரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பொடிக் குமிழியை உண்டாக்கி, அதில் அழுக்கை ஒட்ட வைத்து நுரையாக எடுப்பதுதான் அதன் தொழிலே. புதுசாக வாங்கியது சில நாள், சில சமயம் இரண்டு மூன்று வாரம் கூடக் குமிழியைத் தொட்டிக்குள் தள்ளும். பிறகு அடங்கும். அடங்கின ஸ்கிம்மர் திடீரென்று பொங்கி வழிந்தால் உங்கள் கையைப் பாருங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்த கை, பாத்திரம் விளக்கின சோப்புக் கை, இதோடு தொட்டியில் கை விட்டால் ஸ்கிம்மர் கெட்டுப்போகும். தொட்டி வேலைக்கு முன்னால் கையை வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தொட்டி கழுவ விம் கட்டி கூடவே கூடாது.

தரை காய்ந்திருந்தாலும் ஓட்டை இருக்கும்

இதுதான் நான் எழுத வந்ததில் முக்கியமான பகுதி. பம்பைத் தண்ணீருக்குள் போடாமல் வெளியே வைத்துக் குழாய் இழுத்திருப்பவர்கள் இரண்டு தடவை படியுங்கள்.

ஒரு சகோதரியின் கொட்டகையில் முன்னூறு குஞ்சு விட்டிருந்தார். குழுக் கடன். இரண்டு வாரமாகத் தண்ணீர் லேசாகப் பனி மூட்டம் மாதிரி இருந்திருக்கிறது. "காத்து நல்லதுதானே" என்று விட்டுவிட்டார். பம்பு மாட்டிக் கொடுத்தவரும் அதையேதான் சொன்னாராம். அப்புறம் குஞ்சுகள் மேலேயே மிதக்க ஆரம்பித்தன. உள்ளே முங்கப் பார்க்கும், முடியாமல் மேலே வந்துவிடும். சிலதுக்குக் கண் வீங்கி வெளியே தள்ளியிருந்தது. எனக்குத் தகவல் வந்து நான் போனபோது பாதிக்கு மேல் போய்விட்டது. "கசிவு ஏதும் இருக்காக்கா?" என்று கேட்டேன். "ஒரு சொட்டு இல்லை மேடம், தரை எப்படிக் காஞ்சு கிடக்குன்னு நீங்களே பாருங்க" என்றார். தரை நிஜமாகவே காய்ந்துதான் கிடந்தது.

வயக்காட்டு மோட்டாரை நினைத்துப் பாருங்கள். மோட்டாருக்கு மேலே தண்ணீரைத் தள்ளுகிற டெலிவரி குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் பீய்ச்சும். மோட்டாருக்குக் கீழே, தண்ணீரை இழுக்கிற குழாயில் ஓட்டை இருந்தால் சொட்டுக் கூட வெளியே வராது. மாறாகக் காற்றை உள்ளே இழுக்கும். "மோட்டார் காத்துப் பிடிச்சிருச்சு" என்கிறோமே, அதுதான். மீன் தொட்டிப் பம்பிலும் அதே கதை. காய்ந்த தரையைப் பார்த்து ஏமாறக்கூடாது.

கண்டுபிடிக்கச் செலவே இல்லை. பழைய காட்டன் துணியைத் தொட்டித் தண்ணீரில் நனைத்து, பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கத்து இணைப்பில் இறுக்கிச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். குமிழி குறையவில்லையா, அடுத்த இணைப்பு. எந்த இணைப்பைச் சுற்றும்போது தண்ணீர் தெளிகிறதோ அதுதான் ஓட்டை. அந்தச் சகோதரி வீட்டில் மூன்றாவது இணைப்பில் தெளிந்தது. யூனியனுக்குள் இருந்த வாசர் காய்ந்து வெடித்திருந்தது. சில ரூபாய் சாமான். அந்த மாதத் தவணையை அவர் குழுச் சேமிப்பில் கைமாற்றாக எடுத்துத்தான் கட்டினார்.

காற்று மீனை எப்படிக் கொல்லும்?

கோலி சோடாவை உடைக்காத வரைக்கும் உள்ளே குமிழி தெரியாது. அழுத்தத்தில் வாயு தண்ணீரோடு கரைந்து கிடக்கும். திறந்ததும் பொங்கும். பம்புக்குள் போன காற்றும் இப்படித்தான். அழுத்தத்தில் தண்ணீர் தன் சக்திக்கு மேலே காற்றைக் கரைத்துக்கொண்டு தொட்டிக்கு வருகிறது. அந்தத் தண்ணீரை மீன் செவுள் வழியாக எடுக்கிறது. பிறகு அந்தக் காற்று மீனின் ரத்தத்திலும், கண்ணுக்குப் பின்னாலும், துடுப்பின் தோலுக்கு அடியிலும் குமிழியாகப் பிரிகிறது. சிலிண்டர் கட்டி ஆழத்தில் முங்கியவர்கள் சட்டென்று மேலே வந்தால் உடம்பில் காற்றுக் கட்டி முடங்கிப் போவார்கள் என்று கடற்கரைச் சகோதரிகள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிட்டத்தட்ட அதே உபத்திரவம்தான். இதற்குக் காற்றுக்குமிழி நோய் என்று பெயர். இது தொற்று இல்லை. மருந்துக் கடையில் எதை வாங்கி ஊற்றினாலும் கேட்காது.

ராத்திரி விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து மீனின் துடுப்பைப் பாருங்கள். நரம்புகளுக்கு நடுவில் பளபளவென்று பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் இதுதான். கண் துருத்தல், தலைகீழாக நீந்துவது, முங்க முடியாமல் தவிப்பது எல்லாம் அடுத்த கட்டம். பொட்டு தெரியும்போதே பிடித்துவிட்டால் நிறைய மீன் தேறிவிடும்.

அப்போது செய்ய வேண்டியது: ஓட்டையுள்ள பம்பை உடனே நிறுத்தவும். ஏர் ஸ்டோனைக் கழற்றிவிட்டு வெறும் டியூபைத் தொட்டியில் போட்டுப் பெரிய பெரிய குமிழியாகக் காற்று விடவும். காற்று அதிகமாகி வந்த நோய்க்கு மறுபடி காற்றா என்று கேட்கலாம். பெரிய குமிழி தண்ணீரைப் புரட்டி மேலே கொண்டுவந்து, கூடுதலாகக் கரைந்ததை வெளியேற்றிவிடும். சோடாவைக் குலுக்கினால் கேஸ் போகிற மாதிரிதான். மூடியையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஆழமாக இருப்பது நல்லது, மட்டத்தைக் குறைக்காதீர்கள். இந்த நேரத்தில் முழுத் தண்ணீரையும் மாற்றுவது மீனுக்கு இரண்டாவது அடி.

குழாய்க் கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீர் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூமிக்கடியிலிருந்து வரும் தண்ணீரிலேயே சில நேரம் வாயு அதிகமாகக் கரைந்திருக்கும். நேராகத் தொட்டியில் விடாமல், டிரம்மில் பிடித்து ஒரு நாள் காற்று விட்டுப் பிறகு பயன்படுத்துங்கள்.

மேலே சொன்ன எந்த வேலைக்கும் கை விடும் முன் மெயின் சுவிட்சை அணைக்கணும். சும்மா சொல்லவில்லை. உப்புத் தண்ணீரில் கரண்ட் நல்ல தண்ணீரை விடச் சுலபமாகப் பாயும். பம்பு வயர் பிளக்குக்குப் போவதற்கு முன்னால் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வயரில் வழிகிற தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் கீழே சொட்டும். ஷாக் அடித்தால் தானாக விழுகிற டிரிப் சுவிட்ச் இல்லாத கொட்டகையில் அதை மாட்டுவதைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாகவே போடுங்கள்.

சிலர் தொட்டி அழகுக்காகக் கடலிலிருந்து பவளம் எடுத்துப் போடலாமா, கடல் குதிரை வளர்க்கலாமா என்று கேட்டீர்கள். இரண்டுக்கும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை இருக்கிறது. வேண்டாம். ஓட்டையில்லாத மண்பானையைச் சாய்த்து வைத்தாலே கோமாளி மீன் அதில் குடியிருக்கும்.

பம்புக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவை ஆணியில் மாட்டி, அதில் உங்கள் யூனியன் அளவுக்கு இரண்டு வாசர், ஒரு டெஃப்லான் டேப், இரண்டு துருப்பிடிக்காத கிளிப், ஒரு துண்டுத் துணி, டார்ச் எல்லாம் போட்டு வையுங்கள். வாசர் வாங்கும்போது பழசைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். அளவு தெரியாமல் வாங்கினால் அதுவே அடுத்த ஓட்டை.